ஆங்கிலப் பரீட்சையும் தமிழ் மாணவரும்

பழைய மாணவர் சங்கத்தார் இம் மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு கேட்டபோது, சங்க இலக்கியத்திலோ நன்னூலிலோ ஒரு பகுதியை யாம் எடுத்து விளக்குவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியர் ஒருவர் ஆங்கிலப் பரீட்சையைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பைத் தரலாம். ஆயினும் இரண்டாண்டுகளுக்கு முன் எமக்கு நேர்ந்த ஓர் அனுபவம் இப் பொருளை எம்மிடம் கொணர்ந்து சேர்த்தது. அதனை முதலிற் கூறி, அதன்வழி யாம் அறிந்தவற்றைப் பின்னர்க் கூறுவோம்.

நமது கல்லூரியிற் பயின்று பட்டமும் பெற்ற மாணவர் ஒருவர் மேற்படிப்பின் பொருட்டுப் பிறநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். ஐ.ஈ.எல்.ரி.எஸ். எனும் ஆங்கில மொழிப் பரீட்சையில் மொத்தத்தில் 6.5 படியும், ஒவ்வொரு பிரிவிலும் 6 படிக்குக் குறையாமலும் பெறவேண்டும் என்பது அப் பல்கலைக்கழகத்தின் விதி. அவர் கேட்டலில் 7, வாசித்தலில் 6.5, பேசுதலில் 6.5, எழுதுதலில் 5.5 பெற்றார். நான்கின் சராசரி 6.375, பரீட்சை விதிப்படி அது 6.5 எனக் கொள்ளப்படும். மொத்தம் போதியது; எழுத்து ஒன்றே அரைப்படி குறைந்தது. அந்த அரைப்படியால் அவ்வாண்டு இடம் கைநழுவிற்று.

ஒரு சனிக்கிழமை காலை அவர் தாம் எழுதிப் பழகிய கட்டுரைகளுடன் எம் வீட்டுக்கு வந்தார். “சேர், இதிலே பிழை எங்கே என்று ஒருக்கால் பாருங்கோ” என்றார். “தம்பி, நாம் தமிழ் வாத்தியார் அல்லவா?” என்றோம். “இலக்கணப் பிழை பார்க்க ஆள் இருக்குது சேர். இது வேறை ஏதோ பிழை” என்றார் அவர். அவர் கூறியது முற்றிலும் உண்மை என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

1. பரீட்சையின் வரலாறும் அமைப்பும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார்க்கெனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1913ஆம் ஆண்டிலே முதன்முதலாக ஒரு பரீட்சையை நடத்தினர். அது 12 மணி நேரம் கொண்டது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல் என்பனவும் அதில் அடங்கின. தோற்றியவர் மூவர், மூவருள் ஒருவரேனும் சித்தியடைந்திலர். தோல்வியால் மனந்தளரும் மாணவர் இச் செய்தியை நினைவிற் கொள்வாராக.

இன்று நம் மாணவர் பெரிதும் நாடும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். 1989இல் தோன்றியது. கேட்டல் ஏறத்தாழ 30 நிமிடம், 40 வினா. ஒலிப்பதிவு ஒருமுறையே ஒலிக்கும். வாசித்தல் 60 நிமிடம், 40 வினா. எழுதுதல் 60 நிமிடம், இரண்டு ஆக்கம். முதலாவது 150 சொல்லுக்கும் இரண்டாவது 250 சொல்லுக்கும் குறைதலாகாது. இரண்டாவதற்கு முதலாவதைப்போல் இருமடங்கு பெறுமதி உண்டு. பேசுதல் 11 முதல் 14 நிமிடம் வரை. எழுத்தை மதிப்பிடுவோர் நான்கினை நோக்குவர்: வினாவுக்கு விடை இறுத்தமை, கருத்துத் தொடர்பு, சொல்வளம், இலக்கணம். நான்கும் சமமான புள்ளியுடையன. எனவே இலக்கணப் பிழையைக் களைந்த மாத்திரத்தில் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தவறாகும்.

2. செவியும் நாவும்

தமிழ் நெடுங்கணக்கில் வல்லெழுத்து ஒவ்வொன்றும் இடத்துக்கேற்ப ஒலி வேறுபடும். ‘பம்பரம்’ என்னும் சொல்லில் முதற் பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே எழுத்தாயினும் ஒலி வேறு. ஆனால் அவ் வேறுபாட்டாற் பொருள் மாறுவதில்லை. ஆதலால் நம் செவி அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலத்திலோ அவ் வேறுபாடே பொருளைத் தருகிறது. பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பெரியது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ‘பிக்’ என ஒன்றாகவே நிற்கும். ஆகவே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவைத்துப் பாடஞ் செய்யும் வழக்கத்தை மாணவர் முதல் நாளிலேயே கைவிடல் வேண்டும்.

மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலில் வாராது என்பது நம் இலக்கண நெறி. அதனால் ‘ஸ்கூல்’ நம் நாவில் ‘இஸ்கூல்’ ஆகிறது. வல்லொற்று இறுதியில் நில்லாமையால் உகரம் சேர்ந்து ‘றோட்டு’ என வருகிறது. இவை தமிழின் இயல்பேயன்றி நாவின் குற்றமல்ல. ஆயின் ஆங்கிலச் சொல்லின் ஈற்றிலுள்ள மெய்யே பன்மையையும் இறந்த காலத்தையும் காட்டுவது. கேட்டற் பரீட்சையில் ஈற்றுச் சகர ஒலியைத் தவறவிட்டுப் பன்மையை ஒருமையாக எழுதினால் அவ் விடைக்குப் புள்ளி இல்லை. பதினைந்தையும் ஐம்பதையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய, எவ்வசையில் அழுத்தம் விழுகிறது என்பதைக் கேட்கப் பழகவேண்டும். தமிழிலே அசையழுத்தம் பொருளை மாற்றாது. ஆதலால் இப் பழக்கம் புதிதாகப் பெறவேண்டியதொன்று.

யாழ்ப்பாணத்தார்க்கு ஓர் அனுகூலமும் உண்டு. தமிழகத்தார் ‘டீச்சர்’, ‘டிக்கட்’ என எழுதுவனவற்றை நாம் ‘ரீச்சர்’, ‘ரிக்கற்’ என எழுதுகிறோம். நுனிநா மேற்பல்லின் அடியைப் பொருந்திப் பிறக்கும் றகர வல்லொலி நம் பேச்சில் இன்றும் நின்று நிலவுவதே அதற்குக் காரணம். ஆங்கிலத்தின் அவ்வொலியும் ஏறக்குறைய அவ்விடத்திலேயே பிறக்கிறது. பிறர் முயன்று பெறவேண்டியதை நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள்.

3. சொல்லும் தொடரும்

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். நாம் ‘நேற்று வந்த மாணவன்’ என்று பெயரெச்சத்தை முன்வைக்க, ஆங்கிலம் மாணவனை முன்னிறுத்தி, ‘நேற்று வந்த’ என்பதனைப் பின்வைக்கும். நாம் ‘மேசைமேல்’ என, ஆங்கிலம் ‘மேல்’ என்பதனை முன்வைக்கும். இரண்டினையும் அருகருகே எழுதி ஒப்பிட்ட மாணவன், விதிகளை மனனஞ் செய்தவனைவிட விரைவில் தெளிவடைவான்.

பெயருக்கு முன் வரும் ‘ஏ’, ‘ஆன்’, ‘த’ என்னும் சிறு சொற்களே நம் மாணவரைப் பெரிதும் மயக்குவன. இவற்றுள் முதலிரண்டும் நமக்கு அயலானவை அல்ல. ‘ஒரு மரம்’, ‘ஓர் ஊர்’ என்னும் நம் வழக்கைப் போலவே உயிரொலிக்கு முன் ‘ஆன்’ வரும். எழுத்தையன்றி ஒலியையே நோக்குக. ‘யூனிவேர்சிற்றி’ என்பது ஆங்கிலத்தில் உயிரெழுத்தால் தொடங்கினும் ஒலியால் யகரமாதலின் ‘ஏ’ பெறும். ‘த’ என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. ஆயினும் அதன் கருத்து நம்மிடம் ஓரளவு உண்டு. ‘புத்தகம் வாங்கினான்’ என்றால் யாதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினான்’ என்றால் முன்னர்ச் சுட்டப்பட்ட ஒன்று. இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்தும் வெளிப்பட்டும் செய்யும் இவ் வேலையை உணர்ந்த மாணவனுக்கு ‘த’ என்பதன் பயன் பாதி விளங்கிவிடும். மறுபாதி வாசிப்பால் வரவேண்டும்.

வினையெச்சத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ‘எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டுச் சென்றான்’ எனத் தமிழில் ஒரே தொடராக ஓட்டுதல் அழகு. அதனை அவ்வாறே ஆங்கிலத்தில் நீட்டினால் வாக்கியம் தன் எடையாலேயே சரியும். இரண்டு மூன்றாகப் பிரித்தெழுதுதல் நன்று.

4. கூறியதும் கூறாததும்

வாசித்தற் பரீட்சையில், ஒரு கூற்றுச் சரியா, பிழையா, பந்தியிற் கூறப்படவில்லையா எனக் கேட்கும் வினாவொன்று உண்டு. நம் மாணவர் அதிகம் இடறுவது மூன்றாவதிலேயாம். பாட்டில் இல்லாததையும் வருவித்து உரைக்கும் உரைகாரர் மரபிலே வளர்ந்தவர் நாம். அம் மரபு பெரிது. ஆனால் இங்கே அது உதவாது. உலகறிவால் உண்மையென நாம் அறிந்ததாயினும், பந்தி அதனைக் கூறாதாயின் ‘கூறப்படவில்லை’ என்பதே விடை. நூலாசிரியர் கூற்று எது, உரையாசிரியர் வருவித்தது எது என்று பகுத்துப் படிக்கும் மாணவன் இவ்வினாவுக்கு அஞ்சவேண்டியதில்லை.

5. மனனக் கட்டுரை

இனி அம் மாணவரின் எழுத்துக்கு வருவோம். பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கலாமா என்பது வினா. ‘இன்றைய நவீன உலகிலே’ என்று தொடங்கி ஏறத்தாழ ஐம்பது சொற்கள் சென்றன. அவற்றுள் பஸ்ஸும் இல்லை, ரெயிலும் இல்லை. எந்த வினாவுக்கும் பொருந்தும் முன்னுரை. எந்த வினாவுக்கும் பொருந்தும் முடிவுரை. இடையிலேதான் அவர் இருந்தார்; அங்கும் ஒடுங்கியே இருந்தார். மனனஞ் செய்த பகுதிகளைக் கண்டறிய மதிப்பிடுவோர் பயிற்றப்பட்டவர்கள். அவற்றுக்கு அவர்கள் மதிப்பளிப்பதில்லை.

“ஏன் தம்பி இப்படித் தொடங்கினீர்?” என்று கேட்டோம். அவர் சற்றுத் தயங்கி, “கட்டுரை எண்டால் இப்படித்தான் தொடங்கவேணும் எண்டு பத்தாம் வகுப்பிலை நீங்கள்தானே சேர் சொல்லித் தந்தனீங்கள்” என்றார்.

யாம் வாயடைத்துப்போனோம். அது மெய். சாதாரணதரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் பத்துக் கட்டுரைகளைச் சொல்லச் சொல்ல எழுதுவித்து, அவற்றை மனனஞ் செய்வித்தவர்கள் யாமே. பிள்ளைகள் நல்ல புள்ளி பெற்றனர், யாமும் மகிழ்ந்தோம். தாமாக நினைத்து எழுதும் பழக்கத்தை நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்பது, பல ஆண்டுகள் கழித்து, வேறொரு மொழியின் பரீட்சையில் அரைப்படியாய் வெளிப்பட்டது.

அன்று அவரைத் தமிழிலே எழுதுவித்தோம். “சீசன் ரிக்கற் எடுக்க வசதியில்லாத பிள்ளைகள் உம்முடைய வகுப்பிலே இருந்தார்களா?” என்று கேட்டோம். இருந்தார்கள் என்றார். “மழைநாளில் அவர்கள் வந்தார்களா?” வரவில்லை என்றார். “அதை எழுதும்” என்றோம். அரை மணியிலே ஒரு பந்தி பிறந்தது: ஒரு கருத்து, அதற்குக் காரணம், அதற்கு உதாரணம், அதன் முடிவு. அதனையே பின்னர் எளிய ஆங்கிலத்தில் எழுதினார். நான்கு மாதம் இவ்வாறு பழகி மீண்டும் தோற்றியபோது எழுதுதலில் 6 படி கிடைத்தது. அது பெரும் புள்ளியன்று. ஆயின் கதவைத் திறக்கப் போதியதாயிற்று.

6. மாணவர் கைக்கொள்ளத்தக்கவை

நாள்தோறும் அரை மணி ஆங்கிலச் செய்தி கேட்டு, கேட்டதை ஐந்து வாக்கியத்தில் எழுதுக. ஒருமுறைக்கு மேற் கேளாதிருக்கப் பழகுக. வாசித்த பந்தியின் கருத்தைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க. சொல்ல இயலாதாயின் விளங்கவில்லை என்பது தெளிவு. புதுச் சொல்லைத் தனியே எழுதாது, அது வந்த தொடருடன் எழுதுக. கட்டுரை எழுதுமுன் ஐந்து நிமிடம் சிந்திக்க; எழுதி முடித்தபின் ஐந்து நிமிடம் பன்மை ஈறுகளையும் படர்க்கை ஒருமை வினைகளையும் பார்க்க. பேசுதற் பரீட்சையிலே ஒரு நிமிடம் ஆயத்தஞ் செய்து இரண்டு நிமிடம் வரை தனித்துப் பேசவேண்டிய பகுதி உண்டு. வீட்டிலே, கையிற் கடிகாரத்துடன், அம்மா கேட்க இருந்தாலும் போதும், பேசிப் பழகுக.

நம் முன்னோர் இரு மொழியையும் பகையாகக் கருதவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையே பின்னர்த் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். விபுலாநந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியடைந்தார். ஒரு மொழியைச் செவ்வனே கற்றவன் மறுமொழிக்குள் நுழையும்போது வெறுங்கையுடன் நுழைவதில்லை.

எம்மைப் பொறுத்தவரை, இவ் விரண்டாண்டுகளாகக் கட்டுரைகளைச் சொல்லி எழுதுவித்தலை நிறுத்திவிட்டோம். முதலாம் தவணையிலே புள்ளிகள் சற்றுக் குறைந்தன. சில பெற்றோர் குறைகூறினர். இப்போது பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த முன்னரிலும் இருமடங்கு நேரம் செல்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறாக இருப்பதே காரணம். அவ்வுழைப்பு எமக்கு மகிழ்ச்சியே. எம்மிடம் பத்துக் கட்டுரை மனனஞ் செய்து சென்ற பழைய மாணவர் இதனை வாசிப்பராயின் எம்மைப் பொறுத்தருள்க. தம் பிள்ளைகளையேனும் தாமாக எழுத விடுக.