சட்டம் அறிவோம்: "எதிர்த்துப் பேசுறியா?" என்று போலீஸ் கேட்டால்...



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி என்று எல்லாக் கணக்கையும் ஒரு ரூபாய் விடாமல் கேட்கிறோம். பேங்க் மேனேஜரிடமே "ஏன் சார் இன்னும் லோன் வரல?" என்று கேட்கப் பழகிவிட்டோம். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "எதுக்கு வம்பு, வாயைத் திறந்தா கேஸ் போட்டுருவாக" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறோம்.

இப்படி ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். நம் குழுவைச் சேர்ந்த ஒரு அக்காவின் மகனுடைய பைக்கை வண்டிச் சோதனையில் பிடித்து ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள். அக்கா போய், "எதுக்குப் பிடிச்சீங்க சார்? அதுக்கு ஒரு ரசீது குடுங்க" என்று கேட்கிறார். உடனே, "என்னம்மா, எதிர்த்துப் பேசுறியா? பணி செய்ய விடாம தடுத்தேன்னு கேஸ் போடவா?" என்று அதட்டல் வருகிறது.

அக்கா கேட்டது குற்றமா? அதுதான் இந்த மாதப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுரிமை தந்திருக்கிறது. பொது அமைதி, பிறர் மானம் போன்ற காரணங்களுக்காக அதற்குச் சில வரம்புகளும் உண்டு. ஆனால் "போலீசிடம் கேள்வி கேட்கக் கூடாது" என்று ஒரு வரம்பு எந்தச் சட்டத்திலும் இல்லை.

அரசு ஊழியரை வேலை செய்ய விடாமல் தாக்கினால் குற்றம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 353. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 132. இந்தக் குற்றம் ஆவதற்குத் தாக்குதலோ பலப்பிரயோகமோ இருக்க வேண்டும். வெறும் வார்த்தை மட்டும் தாக்குதல் ஆகாது என்று சட்டப் புத்தகத்திலேயே விளக்கம் எழுதியிருக்கிறது. ஆனால் வார்த்தையோடு கையை ஓங்கினால், கல்லை எடுத்தால் கதை மாறிவிடும்.

பெங்களூரில் நடந்தது

2013-ல் பெங்களூரில் ஒரு தம்பதியின் கார் ஆட்டோவில் மோதி விபத்தானது. ஸ்டேஷனுக்குப் போன இடத்தில் இன்ஸ்பெக்டர் தங்களைக் கடுமையாக நடத்தினார், மிரட்டினார் என்று அந்த ஊர் டிராபிக் போலீசின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே குறை எழுதினார்கள். புகாரும் அனுப்பினார்கள். உடனே அவர்கள் மீதே 353-ம், மிரட்டல் பிரிவான 506-ம் போட்டு வழக்கு பதிந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜனவரியில் அந்த வழக்கு ரத்தானது. மக்கள் தங்கள் குறையைச் சொல்வதற்காக வைத்த இடத்தில் குறை சொன்னது தாக்குதலும் இல்லை, மிரட்டலும் இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

நம்ம வாடிப்பட்டியில் நடந்தது

ஒரு கட்சியின் நிர்வாகி குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றிப்பார்க்கப் போனார். அந்தப் போட்டோக்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனதாக விளையாட்டாக எழுதினார். வாடிப்பட்டி போலீசார் அதை அரசுக்கு எதிரான சதி என்று வழக்காக்கிக் கைது செய்தார்கள். வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் அவரை ரிமாண்ட் செய்ய மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த வழக்கையே ரத்து செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. போலீஸ் எழுதியதே முடிவு அல்ல. போலீசுக்கு மேலே மாஜிஸ்திரேட் இருக்கிறார். அவரிடம் வாய் திறந்து பேச நமக்கு உரிமை இருக்கிறது.

பேசாமல் இருப்பதும் உரிமைதான்

1977-ல் ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியை விசாரணைக்காகக் கட்டாக் நகரில் உள்ள லஞ்ச ஒழிப்புக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே கொடுத்த கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல மறுத்தார். அதற்காக அவர் மேல் வழக்கு போட்டார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொன்னார். தன்னைத்தானே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. விசாரணை நேரத்தில் வக்கீலை உடன் வைத்துக்கொள்ளலாம். பெண்ணை விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதும் சட்டத்துக்கு விரோதம் என்றார்.

இன்றைய சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு வழக்கில் விவரம் கேட்க வேண்டுமானால், பெண் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். அதற்காக எல்லாக் கேள்விக்கும் வாயை மூடிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. நம்மைச் சிக்கவைக்காத கேள்விக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். எழுத்தில் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.

சாத்தான்குளம் சொல்லும் பாடம்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக, நடு ராத்திரியில் ஸ்டேஷனுக்குள் நின்று மல்லுக்கட்டலாமா? கூடாது. ஏன் என்று சாத்தான்குளம் சொல்கிறது.

2020 ஜூன் 19 அன்று செல்போன் கடை நடத்திய பென்னிக்சையும் அவருடைய அப்பா ஜெயராஜையும் கைது செய்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்தார்கள், போலீசைத் திட்டினார்கள், மிரட்டினார்கள் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதினார்கள். போட்ட பிரிவுகளில் அதே 353-ம் இருந்தது. நான்கு நாளைக்குள் இருவரும் இறந்துபோனார்கள். மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. பிறகு சி.பி.ஐ. விசாரித்தது. போலீசார் மீதான கொலை வழக்கு மதுரை நீதிமன்றத்தில் நடந்தது.

அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் ராத்திரி முழுக்க அடித்ததைச் சொன்னார். பயந்து நடுங்கித்தான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார். எழுதி வாங்கிய அந்தச் சாட்சியம்தான் வழக்குக்குப் பலம் ஆனது. போலீஸ் உடுப்புக்குள்ளேயும் நம்மைப் போல ஒரு பெண் இருக்கிறாள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே, ஸ்டேஷனில் வாக்குவாதத்தில் ஜெயிப்பது நம் நோக்கம் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு, நடந்ததைக் குறித்துக்கொண்டு, பத்திரமாக வெளியே வர வேண்டும். மிச்சத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

எப்படிப் பேசுவது?

1. தனியாகப் போகாதீர்கள். குழுவில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பகலில் போங்கள்.

2. "நீங்க யாரு சார், உங்க பேர் என்ன?", "எதுக்காகப் பிடிச்சீங்க?", "எந்தப் பிரிவு?" என்று நிதானமாகக் கேளுங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும்.

3. கெட்ட வார்த்தை வேண்டாம். கையைப் பிடிப்பது, வண்டியை மறிப்பது, "உன்னைய என்ன செய்றேன் பாரு" என்று சொல்வது வேண்டவே வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை நம்மைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

4. புகார் கொடுத்தால் மனு ரசீது (சி.எஸ்.ஆர்.) கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

5. பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் போலீஸ் அதிகாரிதான் செய்ய வேண்டும். இதை மீறினால் அங்கே கைகலப்பு வேண்டாம். நேரத்தையும் வந்தவர்கள் பேரையும் குறித்து வைத்து மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள்.

6. படிக்காத, புரியாத காகிதத்திலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

7. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். போன் நம்பர் 15100. பெண்கள் உதவிக்கு 181.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

* ரசீது கேட்ட அக்கா இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன வார்த்தையில் கேட்டிருப்பீர்கள்? இரண்டு பேர் நடித்துக் காட்டுங்கள். ஒருவர் போலீசாகவும் இருக்கட்டும்.
* நம் ஊரில் யாருக்காவது ஸ்டேஷனில் பிரச்சினை என்றால் நம் குழுவிலிருந்து யார் யார் கூடப் போவது? பேர்களைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
* 15100, 181 இரண்டு நம்பரையும் எல்லோர் செல்போனிலும் இன்றைக்கே பதிந்துவிட்டீர்களா?

முதன்முதலில் பேங்குக்குப் போன நாளில் நம் கால் நடுங்கியது ஞாபகம் இருக்கிறதா? கூட நாலு பேர் இருந்ததால்தான் அந்த நடுக்கம் போனது. ஸ்டேஷனுக்கும் அதே வழிதான்.