வீதத்தை விடுங்கள், பனிபடுநிலையைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்கு மொன்றியல் நோரில் ஏசி, ஹீற்றிங் வேலை செய்யும் எமது தொழில்நுட்பர் பதில் சொல்கிறார்

கேள்வி: மொன்றியல் நோரில் ஆற்றங்கரைப் பக்கம் குடியிருக்கிறோம். ஜூலை வந்தால் உடுப்பு உடம்போடு ஒட்டுகிறது. ஆற்றை விட்டுத் தள்ளிப் போனால் புழுக்கம் குறையுமா?
— கூவான் புலவார் வாசகர்

பதில்: குறையாது. அந்தப் புழுக்கத்துக்கும் றிவியேர் தே பிறேறி ஆற்றுக்கும் பெரிய தொடர்பில்லை. அது மெக்சிக்கோ வளைகுடாவில் கிளம்பித் தென்மேற்குக் காற்றோடு இங்கே வருகிறது. வழியிலுள்ள சோள வயல்களும் தங்கள் பங்குக்கு ஈரம் சேர்த்து அனுப்புகின்றன. ஆற்றங்கரையில் மரநிழலாவது இருக்கிறது. உள்ளே தள்ளி, தார் போட்ட வாகனத் தரிப்பிடங்களுக்கும் தட்டைக் கூரைகளுக்கும் நடுவில் போனால் இரவிலும் வெக்கை அடங்காது. இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது, மனைவிக்கு 63. மகன் கல்கரிக்கு வரச் சொல்கிறார். மனைவிக்குக் கோயம்புத்தூரில் தங்கை இருக்கிறார். எனக்கு யாழ்ப்பாணத்தில் வளவு இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது ஈரப்பதம் குறைந்த, இதமான ஊர். ஆனால் ஆண்டுச் சராசரி ஈரப்பத வீதத்தைப் பார்த்தால் கல்கரி, கோயம்புத்தூர், மொன்றியல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகத்தானே தெரிகின்றன?
— லாகோர்டேர் வாசகர்

பதில்: இந்த வீதக் கணக்கைப் பார்த்துத்தான் ஆட்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள், பிறகு எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். ஒருவர் சம்பளத்தில் பாதியைச் செலவழிக்கிறார் என்று மட்டும் சொன்னால், அவர் எவ்வளவு காசு செலவழிக்கிறார் என்று உங்களால் சொல்ல முடியுமா? சம்பளம் தெரியவேண்டும். காற்றுக்கு அந்தச் சம்பளம் வெப்பநிலை. சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். வீதம் அந்தக் கொள்ளளவில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு காலை, பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை, ஈரப்பதம் 80 வீதம். ஒரு கன மீற்றர் காற்றில் இருக்கிற நீராவி 1 கிராமுக்குச் சற்று மேல். ஜூலையில் ஒரு பிற்பகல், 30 பாகை, 66 வீதம். இப்போது இருப்பது 20 கிராம். வீதத்தை நம்பினால் ஜனவரிதான் ஈரமான மாதம்! உங்கள் உதடு வெடித்து, கை சொரசொரத்துப் போகிற அதே ஜனவரி.

ஆகவே ஊர் தேடும்போது பார்க்க வேண்டியது பனிபடுநிலை. காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிரவைத்தால் அதிலுள்ள நீராவி நீராக இறங்கத் தொடங்குமோ, அந்த எண். 13-க்குக் கீழே இருந்தால் சுகம். 16, 18-இல் இலேசாகப் பிசுபிசுக்கும். 20-ஐத் தாண்டினால் எரிச்சல் வரும், 24-ஐத் தாண்டினால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாது. இந்த நாட்டு வானிலையாளர்கள் 1965-இலேயே வெப்பத்தையும் ஈரத்தையும் ஒன்றாக்கி ஹியூமிடெக்ஸ் என்ற எண்ணைக் கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் வீதத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்.

இப்போது உங்கள் மூன்று ஊர்கள்.

கல்கரி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே. பசிபிக்கிலிருந்து வரும் ஈரத்தை மேற்கு மலைகள் வழியிலேயே பிழிந்துவிடுகின்றன. அங்கே 30 பாகை அடித்து, பனிபடுநிலை 9 என்றால் ஹியூமிடெக்ஸ் 31. மொன்றியலில் அதே 30 பாகை, பனிபடுநிலை 23 என்றால் ஹியூமிடெக்ஸ் 40. கோடைக்குக் கல்கரியைவிட நல்ல ஊர் சொல்வது கஷ்டம். ஆனால் சினூக் காற்று அடித்தால் சிலருக்குத் தலையிடி. கோடையில் காட்டுத்தீப் புகை வரும். ஆலங்கட்டி மழையை மறக்கவேண்டாம்: 2020 ஜூனிலும் 2024 ஓகஸ்டிலும் வடகிழக்குக் கல்கரியில் கூரை, கார், சுவர்த் தகடு எல்லாம் சல்லடையாயின. மகனுடைய வீடு எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

கோயம்புத்தூர் 400 மீற்றர் உயரம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஊருக்குள் நுழைவதால் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை நல்லாயிருக்கும். மார்ச், ஏப்ரல் சூடுதான், ஆனாலும் சென்னையின் பிசுபிசுப்பு இல்லை.

யாழ்ப்பாணத்தில் கடல் பக்கத்திலேயே. பனிபடுநிலை ஆண்டின் பெரும்பகுதி 20-க்கு மேலேயே நிற்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் தாங்கலாம். காற்று விழுந்த ஏப்ரலில் அவிச்சல் தொடங்கும்போது உங்கள் வளவைப் பற்றிய எண்ணம் மாறலாம். சொந்த ஊர் என்று போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஈரப்பதம் குறைவென்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கல்கரியை ஜூலையிலும் கோயம்புத்தூரைத் தைப்பொங்கலுக்கும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவர்களே அதிகம். ஒவ்வொரு ஊரின் மோசமான மாதத்தில் போய் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதைத் தாங்கினால் மற்ற மாதங்கள் தானாக நடக்கும்.

கேள்வி: புழுக்கத்துக்குப் பயந்து ரொறன்ரோவுக்கு மாறலாமா?
— மொன்றியல் நோர் வாசகி

பதில்: அதே காற்றுதான். அங்கே கொஞ்சம் முந்தி வந்துசேரும், வாடகையும் கூட.

கேள்வி: பெங்களூரு, பண்டாரவளை, நுவரெலியா மூன்றில் எது நல்லது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சென் லோறோன்

பதில்: ரீச்சர், மழைக்காலப் பெங்களூரில் 24 பாகை, 80 வீதம் என்று வையுங்கள்: ஹியூமிடெக்ஸ் 32. அதே நாள் சென்னையில் 35 பாகை, 55 வீதம்: ஹியூமிடெக்ஸ் 47. வீதம் கூடின ஊரில் நிம்மதி, குறைந்த ஊரில் அவதி. மேலே நான் கத்தியதற்கு இதுதான் காரணம். நுவரெலியா குளிர், ஆனால் துணி காயாது. பண்டாரவளை 1,200 மீற்றர் உயரத்தில், தென்மேற்கு மழைக்கு மலையின் மறுபக்கத்தில் இருக்கிறது. நான் அதைத்தான் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குடை வேண்டும்.

கேள்வி: மூட்டு வலிக்கு வரண்ட நகரம் நல்லதா?

பதில்: நான் ஏசி திருத்துகிறவன். மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: பேஸ்மென்றில் பூஞ்சண வாடை. காற்றோட்டம் இருக்கட்டும் என்று கோடை முழுக்க யன்னலைத் திறந்தே வைக்கிறோம். வாடை கூடுகிறதே?

பதில்: கூடாமல் என்ன செய்யும்? வெளியே பனிபடுநிலை 20, உங்கள் பேஸ்மென்ற் தரை 17 பாகை. உள்ளே வரும் காற்று அந்தத் தரையில் பட்டதும் தண்ணீரை இறக்கிவிடும். நீங்களே கதவைத் திறந்து ஈரத்தை வரவேற்கிறீர்கள். புழுக்க நாட்களில் யன்னலைச் சாத்துங்கள், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை 50 வீதத்தில் ஓடவிடுங்கள், அதன் குழாயை நேரே வடிகாலுக்குள் விடுங்கள். வாளி நிரம்பினால் இயந்திரம் நின்றுவிடும், அதை யாரும் கவனிப்பதில்லை.

கேள்வி: குளிர்காலத்தில் மகனுக்கு மூக்கில் இரத்தம் வருகிறது. ஈரமூட்டியை 55-இல் வைத்தோம். இப்போது யன்னலில் பனிக்கட்டி, மூலையில் கறுப்புப் புள்ளி.

பதில்: பயப்படவேண்டாம், இரண்டையும் சரிசெய்யலாம். குளிர்காலத்துக்கு ஹெல்த் கனடா சொல்வது ஏறத்தாழ 30 வீதம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 என்றால் இன்னும் குறையுங்கள். யன்னலில் தண்ணீர் வடிந்தால் கூடிவிட்டது என்று பொருள். ஹீற்றரை 24-இல் வைத்திருந்தால் 20, 21-க்கு இறக்குங்கள், காற்று அவ்வளவு வரண்டு போகாது. மூக்குக்கு உப்புநீர் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், அடிக்கடி இரத்தம் வந்தால் சுகாதார ஆலோசனைக்கு 811-க்கு எடுங்கள். பிறகு, இடியப்பம் அவிக்கும்போது அடுப்பு மேல் விசிறியைப் போடுகிறீர்களா? துணியை ஹோலில் காயப்போடுகிறீர்களா? கறுப்புப் புள்ளிக்கு ஈரமூட்டி மட்டும் காரணமில்லை.

கேள்வி: பூஞ்சணம் சுவர் முழுக்க. வீட்டுச் சொந்தக்காரர் "சமையலைக் குறையுங்கள்" என்கிறார்.

பதில்: மேலே உள்ள பதிலை முதலில் வாசியுங்கள். அதெல்லாம் செய்தும் சுவர் நனைகிறதென்றால், கூரை ஒழுக்கோ குழாய் ஒழுக்கோ இருக்கலாம், அது அவருடைய பொறுப்பு. திகதியோடு படம் எடுங்கள், பதிவுத் தபாலில் எழுதி அறிவியுங்கள், 311-க்கு அழைத்து நகரசபைப் பரிசோதகரைக் கேளுங்கள். மசியாவிட்டால் வீட்டு வாடகைத் தீர்ப்பாயம். வாய்ப்பேச்சில் ஒன்றும் நடக்காது.

கேள்வி: 14,000 பீரீயூ ஏசி வாங்கினோம். குழாயை யன்னலில் விடும் வகை. அறை குளிர்கிறது, பிசுபிசுப்புப் போகவில்லை.

பதில்: இரண்டு பிழை. சின்ன அறைக்குப் பெரிய ஏசி சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரமில்லை. ஒற்றைக் குழாய் வகை வீட்டுக் காற்றை வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப வெளிப்புழுக்கம் கதவிடுக்கால் உள்ளே வரும். படுக்கையறைக்கு 5,000, 6,000 பீரீயூ யன்னல் ஏசி போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது, மூன்றாம் மாடி. ஏசி வேண்டாம், யாழ்ப்பாணத்து வெயிலைப் பார்த்தவள் நான் என்கிறார். விசிறி போதுமா?

பதில்: போதாது. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு முற்றமும் வேப்பமரமும் இருந்தன, வயதும் குறைவு. 2018 ஜூலை 2-ஆம் திகதி மக்கில் நிலையத்தில் 36.6 பாகை பதிவானது. அந்த வெப்ப அலையில் மொன்றியலில் 66 பேர் இறந்ததாகப் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது, பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள்ளேயே. அறை 35 பாகையைத் தாண்டினால் விசிறி சூட்டுக் காற்றைத்தான் மேலே அடிக்கும். முழு வீட்டையும் குளிரவைக்க வேண்டாம், அவர் படுக்கிற அறைக்கு மட்டும் ஒன்று பூட்டுங்கள். கரண்ட் பில்லைச் சொல்லி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.