ஆட்டை எடையிட்டு விற்போம்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் கோடையில் வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவது நெடுநாளைய வழக்கம். நிலத்திற்கு எருவும் ஆட்டிற்கு மேய்ச்சலும் கிடைக்கின்றன. ஆயின், விற்கும் நாளில் வளர்த்தவருக்கு உரிய விலை கிடைக்கிறதா?

வியாபாரி கண்மதிப்பில் விலை கூறுகிறார், பணமுடையுள்ளவர் இசைந்துவிடுகிறார். இனி நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். வெள்ளாட்டின் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே இறைச்சி தேறும். 20 கிலோ ஆட்டிற்குச் சுமார் 9 கிலோ எனக் கொள்ளலாம். இதனை அன்றைய இறைச்சி விலையால் பெருக்குக. தலை, கால், குடல், ஈரல், தோல் ஆகியவற்றின் விலையைக் கூட்டுக. அறுப்புக் கூலியையும் கடைச் செலவையும் கழிக்க. எஞ்சுவதை வைத்தே பேரம் பேசுதல் வேண்டும்.

1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்தனர். பாலின் அளவையும் கொழுப்பையும் கண்டு விலை பெறும் முறை அதனால் வேரூன்றியது. ஆட்டிற்கு அவ்வளவுகோல் தராசே. ஆகவே முதலில் சங்கத்திற்கு ஒரு தராசு வாங்குவோம். அடுத்து, நல்ல நீரும் கழிவுநீர் வழியும் கொண்டு, கால்நடை மருத்துவர் சோதிக்கும் சிறிய ஆட்டுத்தொட்டியை உரிய அனுமதியுடன் அமைப்போம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆராய்வார்களாக.