கல்விக் கொடையும் கல்விக் கடனும்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி



2024ஆம் ஆண்டு என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். பொறியியல் கலந்தாய்வில் இடமும் கிடைத்தது. ஆனால் வீட்டில் மகிழ்ச்சி ஒரு நாள்தான் நிலைத்தது. மறுநாள் செலவுக் கணக்குப் போட்டபோது கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. என் தந்தையார் சிறிய தையற்கடை வைத்திருப்பவர். “பெண்பிள்ளையைக் கடன்காரி ஆக்கி யார் வீட்டுக்கு அனுப்பப் போகிறாய்?” என்று பாட்டி கேட்டார். அக்காள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். அந்த நாள் முதல் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். நம்மில் பலருக்கும் இன்னும் இரண்டு ஆண்டுகளில் இதே கேள்வி வரும் அல்லவா?

உயர்கல்விக்குக் கிடைக்கும் உதவி இரு வகைப்படும். ஒன்று, திருப்பித் தர வேண்டாத கொடை. இதையே உதவித்தொகை என்கிறோம். மற்றொன்று, வட்டியுடன் திருப்பித் தர வேண்டிய கடன். முதலில் கொடையைத் தேட வேண்டும். அதற்குப் பிறகும் குறைகின்ற தொகைக்கு மட்டுமே கடன் வாங்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்.

கொடைகள் சிலவற்றைக் காண்போம். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருபவருக்கு முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை உண்டு. தமிழக அரசு இதை 2010ஆம் ஆண்டு கொண்டு வந்தது. அரசுப் பள்ளிகளில் படித்த மாணவியர் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 2024 டிசம்பரில் அது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. பட்டியல் இன மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகையோ 1944 முதலே இருந்து வருகிறது. மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைத் திட்டத்தில் பாதி இடங்கள் மாணவியருக்கே உரியவை.

இனிக் கடனைப் பற்றிப் பார்ப்போம். நம் நாட்டு வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001இல் உருவானது. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரை நிலமோ நகையோ ஈடாகக் கேட்பதில்லை. பெற்றோர் உடன் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். படிக்கும் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

இந்த விதிகளை அறியாமல் என் தந்தையார் ஒரு வங்கிக்குப் போனார். அங்கே வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்குப் பத்திரம் ஏது? வெறுங்கையுடன் திரும்பினார். எங்கள் கணக்கு ஆசிரியையான சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். “நான்கு லட்சத்துக்குள் ஈடு வேண்டியதில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்” என்றார். தந்தையார் மீண்டும் போய் அவ்வாறே கேட்டார். இம்முறை விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். மறு மாதமே கடன் கிடைத்தது.

இப்போது நம் பாடத்திலுள்ள தனிவட்டியைப் பயன்படுத்திப் பார்ப்போம். ஒருத்தி நான்கு ஆண்டுகளில் ஆண்டுத் தொடக்கம்தோறும் ஒரு லட்சம் வாங்குகிறாள். வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். தவணை தொடங்கும் வரை முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். கடன் 5,40,000 ஆகிவிடும். பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் கடன் 4 லட்சமாகவே நிற்கும். தவணையும் ஏறத்தாழ 5,290 ரூபாயாகக் குறையும். அவ்வாறு கட்டுபவருக்கு ஒரு விழுக்காடு வட்டியைக் குறைக்கும் வங்கிகளும் உண்டு.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தினர், உரிய தரச்சான்று பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி பயின்றால், அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதற்குத் தரச்சான்று உண்டா என்று கேட்டறிய வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. அக்காள் சேர்ந்த கல்லூரிக்கு அது இல்லை. வட்டி எங்கள் பொறுப்பாயிற்று.

ஆயினும் நாங்கள் கலங்கவில்லை. அக்காளும் நம் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவளே. ஆகையால் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். அந்தக் கொடையைக் கொண்டே முதல் ஆண்டு வட்டியைக் கட்டினாள். இரண்டாம் ஆண்டில் வட்டி இரட்டிப்பானபோது தந்தையார் மீதியைச் சேர்த்தார்.

தோழியரே, வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு உரிய காலத்தில் விண்ணப்பியுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். பெற்றோரே, கடன் என்றதும் அஞ்சிப் பெண்ணின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் பாட்டி இப்போது கடனைப் பற்றிக் குறை கூறுவதில்லை. மாதம் பிறந்ததும் அவர் கேட்பது ஒன்றே: “இந்த மாத வட்டி கட்டியாயிற்றா?”