வீட்டுத் தோட்டத்தில் ஒட்டு மரங்கள்

காரைக்கால் என்ற பெயரைக் கேட்ட அளவில் மாங்கனி நினைவுக்கு வரும். காரைக்காலம்மையார் பிறந்த பதியாகிய இவ்வூரில், ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. சுவாமி வீதியுலா வருங்கால் மக்கள் மாம்பழங்களை வாரி இறைப்பர். பழத்தின் பெயரால் விழா எடுக்கும் இவ்வூரில், வீட்டுக் கொல்லையிலே ஒரு நல்ல பழமரத்தை நிலைநிறுத்துதல் எளிதன்று. விலை கொடுத்து வாங்கிய ஒட்டுக்கன்று இரண்டாண்டு செழித்து வளரும். மூன்றாம் ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை மஞ்சளாகிப் பொங்கலுக்குள் பட்டுப்போகும். 'நம் மண்ணுக்குப் பழமரம் ஆகாது' என்று வீட்டார் அவ்விடத்தில் வாழையை நட்டு அமைவர். அம்முடிவு பொருத்தமானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணின் இயல்பு

காரைக்கால் பகுதி காவிரிப் பாசனத்தின் கடைமடையாகும். அரசலாறு, நாட்டாறு, திருமலைராயனாறு முதலிய கிளையாறுகள் இதனூடே ஓடிக் கடலிற் கலக்கின்றன. ஆறுகள் காலங்காலமாகக் கொணர்ந்த வண்டல், நெல்லுக்கு ஏற்ற கனத்த களிமண்ணாகப் பல இடங்களிற் படிந்துள்ளது. கடலோரத்திலோ மணற்பாங்கான நிலமும் உவர்நீர்க் கிணறுகளும் உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடுகின்றது. ஆதலின், இவ்விடத்து மரம் மூன்று இடுக்கண்களைத் தாங்கவேண்டும்: மழைக்காலத்தில் தேங்கும் நீர், கோடைக்காலத்தில் மேலெழும் உப்பு, இடையிடையே வரும் புயல்.

இம்மூன்றும் முதலில் தாக்குவது வேரையே என்பதை மாணவர்கள் நோக்குக. மண்ணிலுள்ள சிறு துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் வேருக்குக் காற்று இல்லை. காற்றின்றி வேர் மூச்சுவிட இயலாது. சில நாட்களில் அழுகும். நம்மவரோ கன்று வாங்குங்கால் 'என்ன பழம்? இனிக்குமா?' என்று கேட்பரேயன்றி, 'இதன் வேர் எது?' என்று கேட்பதில்லை. ஒட்டு மரத்தில் அவ்வினா இன்றியமையாதது. ஏனெனின், ஒட்டு மரம் என்பது ஒரு மரமன்று, இரண்டு மரம்.

ஒட்டு என்பது யாது?

மரப்பட்டைக்கும் உள்மரத்துக்கும் இடையே மெல்லிய படலம் ஒன்று உளது. இதனை வளர்படலம் என்னலாம். மரம் பருப்பது இப்படலத்தில் புதிய உயிரணுக்கள் தோன்றுவதனாலேயே. இரு செடிகளை வெட்டி, ஒன்றன் வளர்படலம் மற்றொன்றன் வளர்படலத்தோடு பொருந்துமாறு இறுகக் கட்டினால், இரண்டும் கலந்து வளர்ந்து ஒன்றாகிவிடும். கீழே நிற்பதை வேர்ச்செடி என்றும், மேலே பொருத்துவதை ஒட்டுத்தண்டு அல்லது ஒட்டுமொட்டு என்றும் கூறுவர். மேற்பகுதி தன் தாய்மரத்தின் கனியையே தரும். கீழ்ப்பகுதி தன் குலத்துக்கு உரிய வேரையே தரும். ஒன்று மற்றொன்றன் இயல்பை அழிப்பதில்லை. ஆயினும் இவ்வுறவு உறவினருக்குள்ளேயே பெரும்பாலும் அமையும். எலுமிச்சைக் குலத்தை மாவின் மேல் ஒட்ட இயலாது.

இக்கலை புதியதன்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில், மரங்களைப் பற்றிய இயலில், ஒரு மரத்தின் கிளையை மற்றொன்றன் வேரிலோ அடிமரத்திலோ பொருத்தும் முறையைக் கூறுகின்றார்.

வேரின் அருமையை உலகம் உணர்ந்த வரலாறு இரண்டு உண்டு. முதலாவது பிரெஞ்சு நாட்டில் நிகழ்ந்தது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சிக்கு மாறிய காரைக்காலார்க்கு அந்நாடு அயலானதன்று. 1860ஆம் ஆண்டுகளில் அங்குள்ள திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி வேரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதை 1868இல் பிளான்ஷோன் என்னும் தாவர நூல் வல்லாரும் அவர்தம் துணைவரும் கண்டனர். அமெரிக்கத் திராட்சையின் வேர் அப்பூச்சியைத் தாங்கி வாழ்ந்தது. ஆதலின் அவ்வேரின் மேல் தம் நாட்டுத் திராட்சையை ஒட்டி, பிரெஞ்சுக்காரர் தம் தோட்டங்களை மீட்டனர்.

இரண்டாவது, தென்னமெரிக்காவில் நிகழ்ந்தது. 1930ஆம் ஆண்டுகளில் ஆர்ஜென்டினா, பிரேசில் நாடுகளில் புளிப்பு ஆரஞ்சின் வேர்மேல் ஒட்டியிருந்த இனிப்பு ஆரஞ்சு மரங்கள் இலட்சக்கணக்கில் வாடி மடிந்தன. அந்நோய்க்குத் 'துயரம்' என்னும் பொருளுடைய 'திரிஸ்தேசா' என்ற பெயரே நிலைத்தது. அசுவினிப் பூச்சிகள் பரப்பும் நச்சுயிரியே அதற்குக் காரணம். அதே இனிப்பு ஆரஞ்சு வேறு சில வேர்களின்மேல் நின்றபொழுது உயிரோடு இருந்தது. கனி ஒன்றே, வேர் மாறியதால் வாழ்வும் மாறியது.

சப்போட்டாவும் பாலையும்

இவ்வுண்மைக்கு நம் கடற்கரையிலேயே சிறந்த சான்று உளது. காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்தையும் வேதாரணியத்தையும் கடந்து சென்றால் கோடிக்கரைக் காட்டை அடையலாம். அக்காட்டில் மிகுதியாக நிற்பது பாலை மரம். உலக்கைப்பாலை என்றும் இதனை வழங்குவர். கடற்காற்றையும் வறட்சியையும் பொறுத்து மெல்ல வளர்ந்து வைரம் பாயும் மரம் இது. சப்போட்டாவோ மெக்சிகோ முதலிய நடு அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஆகையால் தோட்டக்கலை வல்லார் பாலையை வேர்ச்செடியாகக் கொண்டு அதன்மேல் சப்போட்டாவை ஒட்டுகின்றனர். வந்த விருந்தினன் நம் மண்ணின் வேரில் நின்று பழம் தருகின்றான். சப்போட்டா உப்பை ஓரளவு தாங்குவதும், காற்றுக்கு எளிதில் முறியாததும் கடலோரத்தார்க்கு நற்பேறு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 முதலிய வகைகள் வீட்டுக்கு ஏற்றவை.

இதற்கு நெருக்கு ஒட்டு முறையைக் கையாள்வர். தொட்டியில் வளர்த்த பாலைக் கன்றைத் தாய்மரத்தின் கிளைக்கு அருகே பரண் கட்டி வைக்கவேண்டும். கன்றிலும், அதே பருமனுள்ள கிளையிலும் இரண்டு மூன்று அங்குல நீளம் பட்டையோடு சிறிது மரத்தையும் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்துக் கட்டவேண்டும். இரண்டு மூன்று திங்களில் அவை கூடியபின், கிளையைத் தாய்மரத்தினின்று சிறிது சிறிதாக அறுத்துப் பிரிக்கலாம். பாலைக் கன்று ஒட்டுப்பருவம் எய்த ஏறத்தாழ இரண்டாண்டு ஆகும், பொறுமை வேண்டும். கோடிக்கரை காப்புக்காடாதலின் கன்றை அங்கிருந்து பெயர்த்தல் குற்றம். நாற்றுப்பண்ணையிலேயே பெறுதல் வேண்டும்.

எலுமிச்சைக் குலம்

எலுமிச்சையில் இயற்கை ஒரு விந்தை செய்துள்ளது. இதன் ஒரு விதையினின்று இரண்டு மூன்று முளைகள் எழும். அவற்றுட் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையால் அன்றித் தாயின் திசுவிலிருந்தே தோன்றுவன. ஆதலின் தாயை ஒத்திருக்கும். இதனாலேயே எலுமிச்சையை விதையிட்டு வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் நிலைபெற்றது. நாற்றங்காலில் மெலிந்தும் வேறுபட்டும் தோன்றும் கன்றுகளை நீக்கி, ஒத்த கன்றுகளையே கொள்க. விதையை உலர விட்டால் முளைக்குந் திறன் குன்றும். பழத்தினின்று எடுத்தவுடன் ஊன்றுதல் நலம். பம்பளிமாசுக்கு இவ்வியல்பு இல்லை. அதன் விதை தாயைப் போல் காய்க்குமென்று நம்புதற்கில்லை.

சாத்துக்குடியை வளர்க்க விரும்புவோர் மொட்டு ஒட்டு முறையைக் கொள்க. வேர்ச்செடியாக ஜம்பேரியும் ரங்பூர் எலுமிச்சையும் வழக்கிலுள்ளன. இவ்விரண்டனுள் உப்பை மிகுதியும் தாங்குவது ரங்பூர் எலுமிச்சை. திரிஸ்தேசா நோயையும் அது பொறுக்கும். ஆதலின் காரைக்காற் கொல்லைக்கு இதுவே தக்கது.

முறை வருமாறு: வேர்ச்செடி பென்சில் பருமன் அடைந்தபின், மழை ஓய்ந்து புதுத் தளிர் விடும் தை, மாசியில், தரைக்கு மேல் முக்கால் அடி உயரத்தில், பட்டையை மட்டும் ஆங்கில 'டி' எழுத்துப்போல் கீறுக. நன்றாகக் காய்க்கும் நோயற்ற மரத்தின் முதிர்ந்த சிறு கிளையினின்று, இலையை அரிந்து காம்பை மட்டும் விட்டு, ஒரு மொட்டைக் கேடய வடிவில் ஓரங்குல நீளம் சீவி எடுக்க. அதனைக் கீறலுக்குள் செருகி, மொட்டு மட்டும் வெளியே தெரியுமாறு பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுக. கத்தி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். மூன்று வாரம் சென்றபின் அக்காம்பைத் தொட்டுப் பார்க்க. தொட்டவுடன் உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்தது; சுருங்கி ஒட்டிக்கொண்டே இருந்தால் பிடிக்கவில்லை; மறுபக்கம் மீண்டும் முயல்க. மொட்டுத் துளிர்த்தபின் அதற்கு மேலுள்ள வேர்ச்செடித் தண்டை வெட்டிவிடலாம்.

'சாத்துக்குடி வைத்தேன், புளிப்புக்காய் காய்த்தது' என்று சிலர் குறைகூறுவர். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியினின்று கிளைக்கும் தளிர்களைக் கிள்ளாமல் விட்டதே பெரும்பாலும் அதற்குக் காரணம். அத்தளிர்கள் வலிமை பெற்று மேலுள்ள ஒட்டைக் கொன்று, தாமே மரமாகிவிடும்.

நடும் முறை

வேரைத் தேர்ந்தது போதாது. அதற்கு மூச்சு விட இடமும் தரவேண்டும். பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவுக்குக் குழி தோண்டுவதுபோல் நம் களிமண்ணில் தோண்டினால், அக்குழி மழைக்காலத்தில் நீர்த்தொட்டியாகிவிடும். பலா நீர்தேக்கத்தைச் சற்றும் பொறாத மரம். நடுமுன் ஒன்றரை அடிக் குழி தோண்டி நீர் நிரப்பிப் பார்க்க. மறுநாட் காலையிலும் நீர் நின்றால், அவ்விடத்தில் குழியில் நடலாகாது, மேட்டின்மேல் நடவேண்டும். வியட்நாமில் மேக்கொங் ஆற்றுக் கழிமுகத்தார், வாய்க்கால் வெட்டிய மண்ணைக் கரையாக உயர்த்தி, அக்கரைமேல் பம்பளிமாசு முதலிய பழமரங்களை வளர்க்கின்றனர். அவர் நிலமும் நம் நிலம்போல் நெல் விளையும் கழிமுகமே.

நாமும் ஒன்றரை முதல் இரண்டடி உயரமும் ஐந்தடி அகலமும் உள்ள மேடு அமைத்து, களிமண்ணோடு ஆற்றுமணல், மக்கிய எரு, இலைமக்கு ஆகியவற்றைக் கலந்து நடலாம். ஒட்டுக் கூடிய இடம் மண்ணுக்கு அரையடி மேலேனும் நிற்கவேண்டும். அது மண்ணில் புதைந்தால் எலுமிச்சைக் குலத்தில் பிசின் வடியும் நோய் தோன்றி அடிமரம் அழுகும். பாத்தி நீர் அடிமரத்தைத் தொடாதிருக்கச் சுற்றிலும் சிறிது மண் அணைக்க. கிணற்றுநீர் உவராயின் இலை நுனி கருகும். உவர்நீரை இலைமேல் தெளிக்கலாகாது. மழைக்காலத்தில் நல்ல நீர் மேட்டினூடே இறங்கி உப்பைக் கழுவிச் செல்ல வடிகால் திறந்திருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயல் எண்ணற்ற தென்னைகளையும் மாமரங்களையும் வீழ்த்தியது. ஆதலின் மரத்தைத் தாழ்வாகக் கவாத்துச் செய்து வளர்த்தலும், இளமரத்துக்கு ஊன்றுகோல் நாட்டலும் கடமையாகும். விண்பதியம் போட்டு எடுத்த எலுமிச்சை விரைவிற் காய்ப்பினும் ஆணிவேர் அற்றது. காற்றில் எளிதிற் சாயும். அதனைத் தொட்டியிலோ சுவரின் மறைவிலோ வைக்கலாம்.

அயல் நின்ற உறவினர்

காரைக்காலுக்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடிக்கு 1768இல் வந்த கேனிக் என்னும் மருத்துவர், லின்னேயசிடம் பயின்ற தாவர நூல் அறிஞர். நம் கறிவேப்பிலையின் தாவரப்பெயர் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அக்கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வில்வமும் விளாவும் அவ்வாறே. இதனை அறிதல் வெறும் ஏட்டறிவன்று. எலுமிச்சைத் தளிரைச் சுருட்டும் சிறு சாறுண்ணிப் பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் வாழும். ஆதலின் ஒன்றைக் கவனிப்போர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். பறவை எச்சம்போல் தோன்றிப் பின் பச்சை நிறமாகும் புழுக்கள் இளங்கன்றின் இலைகளைச் சில நாட்களில் தின்றுவிடும்; நாலைந்து கன்றுள்ள வீட்டில் அவற்றைக் கையால் பொறுக்கி நீக்குதலே போதும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், 'நம் மண்ணுக்குப் பழமரம் ஆகாது' என்பது முற்றும் உண்மையன்று என்பது விளங்கும். நம் மண்ணுக்கு ஆகாத வேர் உண்டு; ஆகும் வேரும் உண்டு. கனியை நாவுக்குத் தேர்க. வேரை மண்ணுக்குத் தேர்க. அடுத்தமுறை கன்று வாங்கச் செல்லும் மாணவர், பழத்தின் பெயரைக் கேட்டபின், 'எவ்வேரின்மேல் ஒட்டியது?' என்று கேட்பாராக. விடை கூற இயலாத இடத்தில் வாங்காதிருத்தல் நன்று. காரைக்காலிலேயே 1987இல் தோன்றிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருப்பதால், ஐயந் தெளிய விரும்புவோர் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மேடு அமைத்து ஒரு மரம் நடுவாராயின், அதன் நிழலும் கனியும் அவர்க்கும் அவர் பின்னோர்க்கும் பயன்படும் என்பதில் ஐயமில்லை.