தேநீரும் நீரா?

நுழையும் முன்

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை வழியாக ஓடிப் பூவாறு என்னும் ஊரில் அரபிக்கடலைச் சேர்கிறது. தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பாறசாலை. இவ்வெல்லை ஊர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ‘தண்ணீர்’ என்பர். தெருவில் ‘வெள்ளம்’ என்பர். தமிழில் வெள்ளம் என்பது பெருக்கெடுத்து வரும் நீர். மலையாளத்திலோ அது குடிக்கும் நீர். ஒரே சொல் எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் இருவேறு பொருள் தருவதைப் போல, ஒரு குவளைத் தேநீரும் ஒருவருக்கு நீராகவும் மற்றவருக்கு நீரின் பகையாகவும் தோன்றுகிறது. உண்மை எது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

திண்ணையில் எழுந்த வழக்கு

பாறசாலை அருகே ஒரு வாடகை வீட்டை மனக்கண்ணில் காண்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக வந்து தங்கிய குடும்பம் அது. தந்தை கொத்தனார், மகள் ஏழாம் வகுப்பு மாணவி. பங்குனி மாதத்து வெயிலில் வேலை முடித்து வந்த தந்தை, தலை வலிக்கிறது என்று திண்ணையில் சாய்ந்தார்.

“இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், அப்பா?” என்று மகள் கேட்டாள்.

“ஆறு முறை கட்டன் சாயா குடித்தேனே, அம்மா! அதிலும் தண்ணீர்தானே இருக்கிறது?” என்றார் தந்தை.

உள்ளிருந்து ஆச்சியின் குரல் வந்தது: “சாயா தண்ணீர் ஆகுமா, ஐயா? உடம்பில் இருக்கிற தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.”

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய பையில் இருந்த தண்ணீர்க் குப்பியோ காலையில் நிரப்பியபடியே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெயர் சான்றாகுமா?

‘தேநீர்’ என்னும் சொல்லிலேயே நீர் இருக்கிறது. காப்பிக்குத் தமிழறிஞர் சிலர் வழங்கிய ‘கொட்டைவடிநீர்’ என்னும் பெயரிலும் நீர் இருக்கிறது. ஆயினும் பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. கண்ணீரிலும் நீர் உண்டு, அதை எவரும் தாகத்திற்குப் பருகுவதில்லை. எனவே அளந்து பார்த்தல் வேண்டும்.

பால் சேர்க்காத தேநீரிலும் காப்பியிலும் ஏறத்தாழ முழுவதும் நீரே உள்ளது. இலையிலிருந்தும் கொட்டையிலிருந்தும் அதில் இறங்கும் பொருள்கள் மிகச் சிறிதளவே. அவற்றுள் ஒன்று காஃபீன். அது சிறுநீரகத்தைத் தூண்டிச் சிறுநீரைச் சற்று மிகுவிக்கும். ஆச்சியின் கூற்றுக்கு அடிப்படை இதுவே.

இக்கருத்து பழமையானது. 1928ஆம் ஆண்டில் மூவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. நெடுநாள் காஃபீனைத் தவிர்த்தபின் அதனை உட்கொண்டபோது சிறுநீர் மிகுந்தது. தொடர்ந்து உட்கொண்டபோது உடல் பழகிக்கொள்ள, அவ்விளைவு குறைந்தது. இவ்விரண்டில் முதற்செய்தியே மக்களிடையே பரவியது. இரண்டாவது செய்தி பலருக்கு எட்டவில்லை.

2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பி குடித்துப் பழகிய ஆண்கள் 50 பேரைக் கொண்டு இதனை மீண்டும் ஆராய்ந்தனர். அவர்கள் மூன்று நாள் நாளொன்றுக்கு நான்கு குவளை காப்பியும், வேறு மூன்று நாள் அதே அளவு தண்ணீரும் அருந்தினர். ஒவ்வொரு குவளையும் 200 மில்லிலிட்டர். உடலில் உள்ள நீரின் அளவு, குருதி, சிறுநீர் ஆகியவற்றைச் சோதித்தபோது, காப்பி அருந்திய நாளுக்கும் தண்ணீர் அருந்திய நாளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே, அளவோடு அருந்தும் காப்பியும் தேநீரும் நாள்தோறும் நாம் பெறும் நீரின் கணக்கில் சேரும். இவ்வகையில் தந்தை கூறியது சரியே.

ஆறு குவளை போதுமா?

தந்தை கூறியது சரியெனில் அவருக்குத் தலைவலி ஏன் வந்தது? காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். கடைக் குவளை ஒன்றில் 120 மில்லிலிட்டர் எனக் கொண்டால், ஆறு குவளைக்கு 720 மில்லிலிட்டர். ஒரு லிட்டர்கூட நிறையவில்லை. கடும் வெயிலில் கடினமாக உழைப்பவர் ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். சாயா அவர் உடலிலிருந்து நீரைப் பறிக்கவில்லை. அவர் இழந்த நீரை ஈடுசெய்ய அது போதவில்லை.

நீரோடு வேறு கணக்குகளும் உண்டு. குவளைக்கு இரண்டு கரண்டி எனில், ஆறு குவளையில் 12 தேக்கரண்டிச் சர்க்கரை சேரும். அது ஏறக்குறைய 50 கிராம். உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த வரம்பின்படி, பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் உணவிலும் பானத்திலும் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையே அவ்வளவுதான்.

அடுத்தது இரும்புச்சத்து. தேநீரிலும் காப்பியிலும் உள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, உடல் அதனை ஏற்காதவாறு செய்கிறது. எனவேதான் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இவற்றைத் தவிர்க்குமாறு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் அறிவுறுத்துகிறது.

சிறுவர்க்கு வரம்பு மேலும் குறைவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. 40 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது 120 மில்லிகிராம். வடிகட்டிய காப்பி 150 மில்லிலிட்டரில் மட்டுமே 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும். இரவில் உறக்கம் கெடுவதற்கும் இதுவே காரணமாகலாம்.

நிரம்பியிருந்த குப்பி

9 முதல் 13 வயது வரையுள்ள சிறுமியர்க்கு நாளொன்றுக்கு 1.9 லிட்டரும் சிறுவர்க்கு 2.1 லிட்டரும் நீர் தேவை என்று மேற்கூறிய ஆணையம் 2010ஆம் ஆண்டில் கணித்தது. இதில் உணவின் வழியே பெறும் நீரும் அடங்கும். கஞ்சி, ரசம், மோர், இளநீர், பழங்கள் யாவும் இக்கணக்கில் சேரும். இங்குள்ள வீடுகளில் சீரகமோ பதிமுகமோ இட்டுக் கொதிக்கவைத்த நீரும் சேரும். நம் ஊர் வெயிலுக்கும் விளையாட்டுக்கும் ஏற்ப இத்தேவை கூடும்.

அம்மாணவியின் குப்பி ஏன் நிரம்பியே இருந்தது? தண்ணீர் குடித்தால் பள்ளிக் கழிவறைக்குச் செல்ல நேரும் என்று அவள் தயங்கினாள். இத்தயக்கம் பலருக்கு உண்டு. நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் வந்தால் சிறுநீர்த் தொற்று உண்டாகலாம். நாளடைவில் சிறுநீரகக் கல்லும் தோன்றலாம். கழிவறை தூய்மையாக இல்லையெனில் ஆசிரியரிடம் கூறித் தூய்மை பெறுவதே தீர்வு; தாகத்தை அடக்குவது தீர்வன்று.

கேரளப் பள்ளிகளில் 2024 பிப்ரவரியில் ‘வாட்டர் பெல்’ முறை நடைமுறைக்கு வந்தது. காலை 10:30 மணிக்கும் பிற்பகல் 2:30 மணிக்கும் நீர் அருந்த ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டது. வெயிலில் உழைப்போர்க்கும் மாநிலத் தொழிலாளர் துறை கோடையில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு அளிக்கிறது.

அன்றிரவு மகள் தன் குப்பியின் கதையை ஆச்சியிடம் சொன்னாள். ஆச்சி கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலையில் சீரகநீர் காய்ச்சி ஆறவைத்து இரண்டு குப்பிகளில் ஊற்றினார். ஒன்றைப் பேத்தியிடம் தந்தார், மற்றொன்றை மகனிடம் தந்தார். “சாயாவை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஐயா. இதையும் வெறுமையாக்கிக் கொண்டு வா” என்றார்.

சொல்லும் பொருளும்

வழக்கு – கருத்து மாறுபாடு
சான்று – ஆதாரம்
குருதி – இரத்தம்
குப்பி – பாட்டில்
ஈடுசெய்தல் – இழந்ததை நிரப்புதல்
தயக்கம் – செய்யத் துணியாத நிலை

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. நெய்யாறு ________ என்னும் ஊரில் கடலைச் சேர்கிறது.
2. இரும்புச்சத்தைப் பிணைக்கும் பொருள் ________.
3. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்பதன் பொருள் ________.

ஆ. பிரித்து எழுதுக.
எடுத்துக்காட்டு: தண்ணீர் = தண்மை + நீர்
1. வெந்நீர் 2. இளநீர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தேநீர் உடலிலுள்ள நீரைக் குறைக்கும் என்ற கருத்து எவ்வாறு பரவியது?
2. உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவதை ஏன் தவிர்க்க வேண்டும்?

ஈ. சிந்தித்து எழுதுக.
தந்தை, ஆச்சி இருவர் கூற்றிலும் உள்ள உண்மையையும் குறையையும் உம் சொற்களில் விளக்குக.

கற்பவை கற்றபின்

1. நீர் ஒரு நாளில் அருந்திய தண்ணீர், மோர், தேநீர், பிற பானங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து அட்டவணைப்படுத்துக.
2. வீட்டில் வெளிவேலைக்குச் செல்வோரிடம் அவர்கள் அருந்தும் நீரின் அளவைக் கேட்டறிந்து, வகுப்பில் ஐந்து தொடர்களில் பேசுக.
3. தமிழிலும் மலையாளத்திலும் வெவ்வேறு பொருள் தரும் மேலும் மூன்று சொற்களைத் தேடித் தொகுக்க.