சின்னப் பெட்டிக்குள் பெரிய அடுப்பு எதற்கு?

(கணினிப் பகுதி. படித்துவிட்டு அடுத்தவருக்கும் சொல்லுங்கள்)



"அக்கா, வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கப் போறோம். இடமே இல்ல. சின்னப் பெட்டியா அசெம்பிள் பண்ணலாம்னு அப்பா சொல்றாரு. எந்த ப்ராசஸர் போடலாம்?"

இந்தக் கேள்வியை இந்த வருஷம் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் நம்ம நிலைமையைப் பார்ப்போம். பிள்ளைப்பாக்கத்திலும் சுற்றுப்பக்கத்திலும் பாதிப் பேர் லைன் வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே ரூம், மேலே ஷீட். அப்பாவோ அண்ணனோ கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குவார்கள். கரண்டுக்குத் தனி மீட்டர். வாங்கும் காசு தீபாவளி போனஸோ, சீட்டு எடுத்த பணமோதான். இன்னொரு தடவை வாங்க முடியாது. எனவே நமக்கு வேண்டிய கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது, சத்தம் போடக் கூடாது, கரண்டு குடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: ப்ராசஸர்.

1. ப்ராசஸர் ஏன் சுடுகிறது?

ப்ராசஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டுப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் தொடுவோமா? அதே அளவு வெப்பம் ஒரு தபால் தலையைவிடச் சின்ன சிலிக்கான் துண்டிலிருந்து வருகிறது. அதை உடனுக்குடன் வெளியே தள்ள வேண்டும். அதற்குத்தான் மேலே அலுமினியத் தகடுகளும் மின்விசிறியும். இதை கூலர் என்கிறோம்.

பெரிய பெட்டியில் பெரிய கூலர் வைக்கலாம். சின்னப் பெட்டியில் முடியாது. மினி ஐ.டி.எக்ஸ். என்னும் சின்ன மதர்போர்டு 17 செ.மீ.க்கு 17 செ.மீ.தான். அதன் மேல் கூலருக்குக் கிடைக்கும் உயரம் பல பெட்டிகளில் நாலைந்து செ.மீ.கூட இருக்காது.

2. அட்டையில் போட்டிருக்கும் வாட்

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் டி.டி.பி. என்று ஒரு அளவு உண்டு. கூலர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்பதை வாட் கணக்கில் சொல்வது அது. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். இன்டெல் இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்று சாதாரண வேலைக்கு, இன்னொன்று வேகமெடுத்து ஓடும்போது.

ஐ3-12100: 60 வாட், வேகமெடுத்தால் 89 வாட்
ஐ3-12100டி: 35 வாட், வேகமெடுத்தால் 69 வாட்
ஐ5-12400: 65 வாட், வேகமெடுத்தால் 117 வாட்

65 என்று நினைத்து வாங்கினால் சில நேரம் 117 வந்து நிற்கும்! கடைக்காரர் முதல் எண்ணைத்தான் சொல்வார். இரண்டாவது எண்ணை நாம்தான் கேட்க வேண்டும்.

3. நம்ம ஊர்க் கணக்கு

இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். கவனமாகப் படியுங்கள்.

ப்ராசஸரின் சூடு = பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடு + (வாட் × கூலரின் எண்)

கூலரின் எண் என்றால், ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்பது. நல்ல பெரிய கூலருக்கு இது குறைவு, சின்னதுக்கு அதிகம். கணக்குக்காக 1 என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் காற்று, ரூமைவிட 8 டிகிரி கூட என்றும் வைத்துக்கொள்வோம்.

ஏ.சி. ரூமில், 22 டிகிரியில், 65 வாட் ப்ராசஸர்: 22 + 8 + 65 = 95 டிகிரி. தப்பித்துவிடும்.

நம்ம ஷீட் வீட்டில், மே மாதம், 38 டிகிரியில், அதே ப்ராசஸர்: 38 + 8 + 65 = 111 டிகிரி.

இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 5 5600ஜி-க்கு 95. எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் எரிந்துபோகாது, பயப்பட வேண்டாம். தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய வேகம் நமக்குக் கிடைக்காது. விசிறி மட்டும் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவின் தூக்கமும் போகும்!

அதே ரூமில் 35 வாட் போட்டால் 81 டிகிரி. 10 வாட் போட்டால் 56 டிகிரி. பார்த்தீர்களா? குளிர் ரூமில் பாஸான கம்ப்யூட்டர் நம்ம ரூமில் பெயில். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது. அப்படி ஒரு நாளையும் மனசில் வைத்துத்தான் நாம் வாங்க வேண்டும்.

4. கொஞ்சம் வேகத்தை விட்டால் பாதிச் சூடு போகும்

ப்ராசஸரின் வெப்பம் இரண்டைப் பொறுத்து ஏறும். ஒன்று வேகம். இன்னொன்று மின்னழுத்தம், அதுவும் அதன் வர்க்கம். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும் என்பதுதான் இதில் ரகசியம்.

4 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டில் ஓடுவதை 3 கிகாஹெர்ட்ஸ், 1.0 வோல்ட்டுக்கு இறக்கினால் என்ன ஆகும்?

வேகம்: 3 ÷ 4 = 0.75
மின்னழுத்தத்தின் வர்க்கம்: (1.0 ÷ 1.2) இன் வர்க்கம் = 0.69
இரண்டையும் பெருக்கினால் 0.52

வேகத்தில் கால் பங்கு போனது. வெப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. லாபமா நஷ்டமா, நீங்களே சொல்லுங்கள்.

இதைப் பெரிய கம்பெனியே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2004-ல் வந்த பென்டியம் 4 'பிரெஸ்காட்' 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது, 115 வாட் வரை வெப்பம் கக்கியது. அதற்கடுத்து வரவேண்டிய 'டேஜாஸ்' என்ற ப்ராசஸரை 2004 மே மாதம் இன்டெல் கைவிட்டது. அதே சமயம் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த இன்டெல் குழு, மடிக்கணினிக்காக 2003-ல் குளிர்ச்சியான பென்டியம் எம் ப்ராசஸரைச் செய்திருந்தது. அந்த வழியில் வந்ததுதான் 2006-ன் கோர் 2 டுவோ. வெறும் 65 வாட்டில் பழைய 115 வாட்காரரை முந்தியது. அதனால் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ப்ராசஸரை எடைபோடாதீர்கள்.

5. சரி, எதை வாங்கலாம்?

(அ) பாடம், டைப்பிங், வீடியோ பார்ப்பது, நம் பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தான், மை எஸ்கியூஎல் பயிற்சி: இன்டெல் என்100 போதும். 2023-ல் வந்தது, 4 கோர், 6 வாட். பெட்டி செய்பவர்கள் பலர் அதைக் கூட்டி வைப்பார்கள் என்பதால் 10, 15 வாட் என்றே கணக்குப் போடுங்கள். விசிறியே இல்லாமலும் கிடைக்கிறது. குறை என்னவென்றால் ப்ராசஸர் போர்டிலேயே பற்றவைத்து வரும். பின்னால் மாற்ற முடியாது.

(ஆ) படம் எடிட் செய்வது, கொஞ்சம் கேம்ஸ்: 35 வாட் வகை. இன்டெல்லில் கடைசியில் 'டி' போட்டது, ஏ.எம்.டி.யில் 5600ஜிஇ போல 'ஜிஇ' போட்டது. 'ஜிஇ' கிடைக்கவில்லை என்றால் 65 வாட் 5600ஜி வாங்கி, பயாஸில் ஈகோ மோட் போட்டு 45 வாட்டுக்கு இறக்கலாம்.

(இ) காசு குறைவு என்றால்: சென்னை ரிச்சி தெருவில் ஆபீஸ்களிலிருந்து கழித்த கையடக்கப் பெட்டிகள் செகண்ட்ஹேண்டில் கிடைக்கும். டெல் ஆப்டிப்ளக்ஸ் மைக்ரோ, லெனோவோ டைனி போன்றவை. உள்ளே பெரும்பாலும் 'டி' வகைதான் இருக்கும். 2018-ன் ஐ5-8500டி (6 கோர், 35 வாட்) நல்ல தேர்வு. அதைவிடப் பழசு வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும்.

கவனிக்க: பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடணும். இன்னொரு அடுப்பு! 'கே' இருந்தால் அதிவேக வகை. நம் சின்னப் பெட்டிக்கு ஆகாது.

6. கரண்டு பில்

முழு கம்ப்யூட்டரும் 90 வாட் எடுத்தால் ஒரு கணக்கு, 30 வாட் எடுத்தால் ஒரு கணக்கு. வித்தியாசம் 60 வாட். தினம் 5 மணி நேரம், 60 நாள்: 60 × 5 × 60 = 18,000 வாட் மணி, அதாவது 18 யூனிட். எங்கள் லைனில் தனி மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 180 ரூபாய். நாலு நோட்டுப் புத்தகம் வாங்கிவிடலாம்.

7. வாங்கின பிறகு

ஒரகடம் ரோட்டில் லாரி போகும் புழுதி நம் வீட்டுக்குள்தான் வருகிறது. கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்தால் மேலே சொன்ன 'கூலரின் எண்' கூடிவிடும். எனவே:

* மாதம் ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தட்டணும்.
* சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நாலு விரல் இடமாவது விடுங்கள்.
* டிவி மேலேயோ, ஷீட்டுக்குக் கீழே பரண் மேலேயோ வேண்டாம். சூடான காற்று மேலே போய்த் தங்கும். தரைக்கு ஒரு அடி உயரத்தில் ஸ்டூல் போட்டு வைப்பது மேல்.

தெரியுமா?

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற ப்ராசஸரை நம் நாட்டவரே வடிவமைத்தார்கள். 2018-ல் அதன் சில்லுகள் செய்யப்பட்டன. ஒன்று சண்டிகரில் உருவானது. நம்ம ஸ்ரீபெரும்புதூரில் 2007-லிருந்து டெல் கம்ப்யூட்டர் பூட்டுகிறார்கள். பூட்டுகிற ஊரில் இருக்கிற நாம், உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்து வாங்குவதுதானே அழகு!

பயிற்சிக் கணக்கு

ரூம் 40 டிகிரி. பெட்டிக்குள் 8 டிகிரி கூட. கூலரின் எண் 1. ப்ராசஸர் 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. எத்தனை வாட் வரை வாங்கலாம்? போட்டுப் பாருங்கள். விடையைத் தாளின் அடியில் தலைகீழாக எழுதியிருக்கிறேன். முதலிலேயே பார்க்கக் கூடாது!

கடைக்குப் போகும்போது "எது ஃபாஸ்ட்டுணே?" என்று கேட்காமல் "இது எத்தனை வாட்ணே? வேகமெடுத்தா எத்தனை?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேப் பக்கம் வாருங்கள்.



– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு

(விடை: 85 – 48 = 37 வாட். அதற்குள் அடங்குவது 35 வாட் வகை.)